பொட்டலத்துக்குள் பட்டு, பட்டுக்குள் டெரியர்

சிவப்புப் பெட்டிகளைத் தேடுங்கள். வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு அதுதான் அடையாளம்!

ஆண்டுதோறும் மார்ச் மாதம், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், நேஷனல் எக்ஸிபிஷன் சென்டரில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நான்கு நாட்கள் நடக்கிறது. சுமார் 20 ஆயிரம் நாய்கள் வருகின்றன. ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நடந்தே கால் ஓய்ந்துவிடும். இந்தப் பக்கம் இடுப்புயர நாய், அந்தப் பக்கம் தலைக்கு முக்காடு போட்ட நாய், நடுவில் ஹேர் டிரையர்களின் இரைச்சல், ஒலிபெருக்கி அறிவிப்பு, வறுத்த ஈரல் வாசனை. இத்தனைக்கும் நடுவே ஓர் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், பெரும்பாலும் சிவப்புத் துணி உறை போட்டவை, கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். யார்க்ஷயர் டெரியர் பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

தொலைக்காட்சியில் இந்த நாயைப் பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடும் நீலச்சாம்பல் பட்டு, பொன் நிற முகம், உச்சியில் சிவப்பு ரிப்பன். அது நடக்கும்போது காலே தெரியாது. எடை 3.2 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இனத்தின் இலக்கணம் சொல்கிறது. நடுவர் முன்னால் அது நிற்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னால் நடப்பவை இருக்கின்றனவே, அவற்றைப் பார்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம்!

கிரஃப்ட்ஸில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. பெரும்பாலான கண்காட்சிகளில் நாய் காரிலிருந்து இறங்கி, நடுவர் முன் நின்று, நேரே வீட்டுக்குப் போய்விடும். இங்கே அப்படி முடியாது. ஒவ்வொரு நாய்க்கும் எண் போட்ட ஒரு தடுப்பு ஒதுக்கப்படுகிறது. பெஞ்ச் என்பார்கள். போட்டியில் நிற்கும் நேரம், அலங்கரிக்கும் நேரம், வெளியே நடத்திக் கூட்டிப்போகும் நேரம் தவிர மற்ற வேளையெல்லாம் நாய் அங்கேதான் இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கிய எவரும் அந்த வரிசைகளில் நடக்கலாம், பார்க்கலாம், உரிமையாளரிடம் கேள்வி கேட்கலாம். மேடைக்குப் பின்னால் நடப்பதை ஊரே பார்க்க விட்டிருக்கிறார்கள். இந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று இருக்கிறது எனக்கு.

சரி, கிட்டே வாருங்கள். மேசை மேல் நிற்கிறதே, அது என்ன? பட்டும் இல்லை, பளபளப்பும் இல்லை. உடம்பு முழுக்கக் காகிதப் பொட்டலம்! முதுகின் இரு பக்கமும் பொட்டலம், தாடியில் பொட்டலம், மீசையின் இரு புறமும் பொட்டலம், பின்னங்கால்களில், வாலில்கூட. பின்பாதங்களில் குட்டிக் காலுறை வேறு. அத்தனை பொட்டலத்துக்கு நடுவிலிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் உங்களை நிமிர்ந்து பார்க்கின்றன, ‘என்ன வேண்டும்?’ என்கிற தோரணையில்.

வீட்டில் அந்த நாயின் அன்றாட உடை இதுதான். யார்க்ஷயர் டெரியருக்கு அடிமயிர் கிடையாது. நம் தலைமுடியின் தன்மையில் ஒற்றை அடுக்காக, வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும் மயிர். தரையைத் தொட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். ஆனால் நாய் சும்மா இருக்குமா? சோபாவில் உரசும், சொறியும், தண்ணீர்க் கிண்ணத்தில் தாடியை முக்கும், சாப்பாட்டோடு சேர்த்து மீசையையும் மெல்லும். நுனிகள் ஒடிந்துகொண்டே இருந்தால் எந்தக் காலத்தில் தரை தொடுவது? அதற்காகக் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பொட்டலங்கள்.

செய்முறையைப் பார்த்தால் மெய்மறந்துவிடுவீர்கள். முதலில் மயிருக்கு லேசாக எண்ணெய் தடவுகிறார்கள், உலர்ந்து ஒடியாமல் இருக்க. வால் சீப்பின் கூர்முனையால் ஒரு பகுதியைப் பிரிக்கிறார்கள். மெல்லிய காகிதத்தை அதைச் சுற்றி நீளவாக்கில் மடித்து, பிறகு கீழிருந்து மேலாக இரண்டு மூன்று மடிப்பு மடித்து, சின்ன ரப்பர் பேண்டால் கட்டுகிறார்கள். கட்டியதும் பொட்டலத்தை மெதுவாக அசைத்துப் பார்க்கிறார்கள். ஒரு மயிர் தோலை இழுத்துக்கொண்டு இருந்தாலும் போச்சு, நாய் அதையே கடித்துக் கடித்து மொத்தப் பொட்டலத்தையும் பிய்த்துவிடும். காலில் கட்டியதோ முழங்காலை மடக்க இடம் கொடுத்தாக வேண்டும். இருபது, முப்பது என்று ஆளுக்கு ஆள், நாய்க்கு நாய் எண்ணிக்கை மாறும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அவிழ்த்து, சீவி, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அவிழ்க்கும்போது ரப்பர் பேண்டை உருவக்கூடாது, கத்தரிக்க வேண்டும். உருவினால் கூடவே நாலு மயிர் வரும். பின்பாதக் காலுறையும் இதற்காகத்தான்: சொறியும் நகம் பொட்டலத்தைக் கிழிக்காமல் இருக்க. கவலை வேண்டாம், இந்தக் கோலத்திலேயே அது ஓடும், விளையாடும், பந்தைத் துரத்தும்.

கண்காட்சி நாளுக்காக எண்ணெய் முழுவதையும் அலசி எடுத்தாக வேண்டும். மயிரின் நிறத்தையோ தன்மையையோ மாற்றும் எந்தப் பொருளும் அதில் இருக்கக்கூடாது என்பது கிரஃப்ட்ஸை நடத்தும் கென்னல் கிளப்பின் விதி. குளியல், உலர்த்தல், பன்றிமுடி பிரஷ்ஷால் நீளமான, அவசரமில்லாத சீவல். பிறகு வகிடு! மூக்கிலிருந்து வாலின் நுனி வரை ஒரே நேர்கோடு என்று இலக்கணம் கேட்கிறது. அந்த ஒரு கோட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு சீப்பின் முனையை இழுக்கும் அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அரங்கேற்றத்தன்று க்ரீன் ரூமில் மகளின் தலைக்கு நெற்றிச்சுட்டி வைக்கிற தாயின் முகம் இப்படித்தான் இருக்கும்.

காதுகளைக் கவனித்தீர்களா? சின்ன ஆங்கில ‘வி’ வடிவம், நிமிர்ந்து நிற்க வேண்டும். நீள மயிரின் பாரம் தாங்காமல் மடங்கிவிடக்கூடாது என்று மேல்பாதியில் மட்டும் ஒட்டக் கத்தரித்திருக்கிறார்கள். வாலில் தொங்கும் நீளமான குஞ்சத்தையும் பாருங்கள். முன்பெல்லாம் குட்டியிலேயே வாலைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். 2007 முதல் இங்கிலாந்தில் அழகுக்காக நாயின் வாலை வெட்டுவது சட்டப்படி குற்றம். அதனால் வாலுக்கும் ஒரு பொட்டலம் கூடிப்போனது. எவ்வளவு நல்ல கூடுதல் வேலை!

நிறத்தைப் பற்றிப் பேசாமல் நகர என்னால் முடியாது. இந்தக் குட்டி பிறக்கும்போது கறுப்பு. புருவத்திலும் வாயோரத்திலும் கால்களிலும் மட்டும் செம்பழுப்புப் பொட்டுகள். அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்து எஃகு நீலமாக மாற இரண்டு மூன்று வருடம்கூட ஆகிவிடும். எந்த நீலத்தில் போய் நிற்கும் என்று குட்டியைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ப்பவர்கள் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். வெள்ளி நீலம் கூடாது, அடர் எஃகு நீலம்தான் வேண்டும் என்கிறது இலக்கணம். பொன் நிறத்துக்கோ இன்னும் நுட்பமான ஒரு விதி. ஒவ்வொரு மயிரும் வேரில் அடர்த்தியாக, நடுவில் அதைவிட வெளிறி, நுனியில் இன்னும் வெளிறி இருக்க வேண்டும். ஒரே மயிரில் மூன்று சாயல்! நடுவர் குனிந்து மயிரை விலக்கிப் பார்ப்பது இதைத்தான்.

இப்போது அழைப்பு வந்துவிட்டது. இடுப்பில் பிரஷ் செருகிக்கொண்டு, ஒரு கையில் நாய், மறு கையில் சிவப்புப் பெட்டி என்று ஊர்வலமாகக் கிளம்புகிறார்கள். போட்டி வட்டத்துக்குள் பெட்டிகளை வரிசையாக வைத்து, நாயை அதன் மேல் நிறுத்துகிறார்கள். பெரிய நாய்கள் தரையில் நிற்கும், சின்ன நாய்களை மேசையில் சோதிப்பார்கள். ஆனால் தன் சொந்த மேடையைத் தானே கொண்டுவரும் நாய் இதுதான்! பெட்டியின் நான்கு பக்கமும் பட்டு வழிந்து இறங்குகிறது. கடைசி நொடி வரை பிரஷ் ஓய்வதில்லை. நடுவர் ஒவ்வொன்றாக மேசைக்கு வரவழைத்து, பல்வரிசை, தாடை, தோள், முதுகின் மட்டம் என்று கையாலேயே படிக்கிறார். பட்டுக்கு அடியில் என்ன எலும்புக்கூடு இருக்கிறது என்று விரல்தானே சொல்ல வேண்டும். அப்புறம் நடை. தலை நிமிர்ந்து, முதுகு அசையாமல், விறுவிறுவென்று ஒரு போக்கு, ஒரு வரவு. அவ்வளவுதான். இரண்டு வருடப் பொட்டலத்துக்கு இவ்வளவுதான் மேடை நேரம்.

பரிசு? பணத்தைக் கேட்டால் சில நூறு பவுண்டைத் தாண்டாது, ஒட்டுமொத்தக் கண்காட்சியின் முதல் பரிசாக இருந்தாலும். ஆனாலும் 1997இல் ஓஸ்மிலியன் மிஸ்டிஃபிகேஷன் என்ற யார்க்ஷயர் டெரியர் எல்லா இனங்களையும் முந்திக்கொண்டு கிரஃப்ட்ஸின் ‘பெஸ்ட் இன் ஷோ’ பட்டத்தை வென்றபோது இந்தச் சிவப்புப் பெட்டிக்காரர்கள் எப்படித் துள்ளியிருப்பார்கள்! அதற்கும் முன்னால், 1978இல், நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் ஹிக்கின்ஸ் என்ற யார்க்கி (யார்க்ஷயர் டெரியரைச் செல்லமாக இப்படித்தான் அழைப்பார்கள்) அதே உச்சத்தைத் தொட்டிருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, ‘மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே சீமாட்டிகள் உருவாக்கிய நாய்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கதை தலைகீழ். இது தொழிலாளி வீட்டு நாய்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பிழைப்புத் தேடித் தெற்கே இறங்கினார்கள். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட் என்று யார்க்ஷயர் முழுக்கக் கம்பளி ஆலைகள். வந்தவர்கள் தங்கள் குட்டி டெரியர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆலையில் எலி, சுரங்கத்தில் எலி, குடியிருப்பில் எலி. குறைவாகச் சாப்பிட்டு நிறைய எலி பிடிக்கும் ஒரு நாய் அந்த வீடுகளுக்குத் தேவையாக இருந்தது. உள்ளூர் நாய்களோடு கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை உருவம் சிறுத்து, மயிர் நீண்டது. அந்தப் பட்டு மயிர் தறியில் நெய்து ஒட்டியதுதான் என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். பகல் முழுக்க இழையைத் தொட்டுத் தொட்டு அதன் தரம் பார்த்தே பழகிய விரல்கள் அவை. வீட்டுக்கு வந்தபின் நாயின் மயிரிலும் அதே தரத்தைத் தேடியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்று பொட்டலம் மடிக்கும் விரல்களைப் பார்க்கும்போது அந்த நினைப்பு இன்னும் உறுதியாகிறது.

இந்த இனத்தின் மூலபுருஷன் ஹடர்ஸ்ஃபீல்ட் பென். 1865இல் பிறந்தது. போட்டிகளில் எழுபதுக்கும் மேற்பட்ட பரிசு. எலி பிடிக்கும் பந்தயங்களிலும் பெயர் பெற்ற நாய். அது அப்படியொன்றும் சின்னதாகவும் இல்லை, ஐந்து கிலோவை ஒட்டிய எடை. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகள் சிறியவையாகவும் அதன் சாயலிலும் வந்தன. அதனால் ஊர் ஊராக அதற்குக் கிராக்கி. 1871இல், ஆறு வயதில், ஒரு வண்டியில் அடிபட்டு இறந்துபோனது. அந்த ஆறு வருடத்துக்குள்ளேயே ஓர் இனத்தின் முகத்தை அது தீர்மானித்துவிட்டது. இன்று சிவப்புப் பெட்டிகளின் மேல் நிற்கும் அத்தனை பட்டுக்குவியலும் அதன் வம்சம்தான்.

இன்னொரு சந்தோஷமான பொருத்தம். கிரஃப்ட்ஸைத் தொடங்கிய சார்லஸ் கிரஃப்ட், ஸ்பிராட்ஸ் என்ற நாய் பிஸ்கட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1891இல் லண்டன் இஸ்லிங்டனில் தன் பெயரிலேயே கண்காட்சி தொடங்குவதற்கு ஐந்து வருடம் முன்னால், 1886இல், அவர் லண்டனில் முதன்முதலாக நடத்தியது டெரியர்களுக்கு மட்டுமான கண்காட்சி! இந்த மாபெரும் திருவிழாவின் விதையே டெரியர்தான். ஆனால் இன்று யார்க்கி நிற்பது டெரியர் பிரிவில் அல்ல. அளவைப் பார்த்து அதை ‘டாய்’ பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை நாய்க்கு யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம்பாதவர்களுக்கு ஸ்மோக்கியைக் காட்ட வேண்டும். இரண்டாம் உலகப்போர். 1944 தொடக்கத்தில் நியூ கினிக் காட்டில், கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழியில் அமெரிக்க வீரர் ஒருவர் ஒரு யார்க்கியைக் கண்டெடுத்தார். எடை இரண்டு கிலோகூட இல்லை. கையிலிருந்து கை மாறி, பில் வின் என்ற வீரர் இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு அதை வாங்கினார். சீட்டாட்ட மேசையின் பச்சைத் துணியில் அதற்குப் படுக்கை. தன் ரேஷனில் அதற்குப் பங்கு. விமானத்தில் அவரோடு பறந்தது, குண்டுவீச்சுகளில் அவரோடு பதுங்கியது.

1945 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், லிங்காயென் வளைகுடாக் கரையில் ஒரு விமானத்தளம். ஓடுபாதைப் பகுதிக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டும். அடியில் ஏற்கெனவே ஒரு குழாய் இருக்கிறது: எழுபது அடி நீளம், எட்டு அங்குல விட்டம், இணைப்புகளின் வழியே மண் சரிந்து பாதி அடைத்துக்கிடக்கிறது. ஆள் நுழைய வழியில்லை. மேலே தோண்டினால் மூன்று நாள் வேலை, அதுவரை விமானங்களும் ஆட்களும் எதிரியின் குண்டுக்குத் திறந்தவெளியில் இலக்கு. வின் ஒரு நூலை ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டையில் கட்டினார், மறுமுனைக்கு ஓடிப்போய்க் குனிந்து கூப்பிட்டார். இருட்டு. கொஞ்ச தூரம் வந்த நாய் திரும்பிப் போகப் பார்க்கிறது. மறுபடி கூப்பிடுகிறார். புழுதிக்குள்ளே நூல் நகர்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பிறகு இரண்டு சின்னக் கண்கள்! கடைசிப் பதினைந்து இருபது அடியை ஓடியே கடந்து வந்து அவர் கையில் விழுந்தது.

எலி வளைக்குள் பயமில்லாமல் புகுவதற்கென்றே வளர்ந்த பரம்பரை, வேறென்ன செய்யும்? அந்தக் குழாயில் பட்டுக்கு என்ன வேலை? டெரியர் நெஞ்சுக்குத்தான் வேலை. போரின் நடுவிலேயே ஸ்மோக்கி மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களை மகிழ்வித்தது. நோயாளிகளைத் தேற்றும் நாய்களின் வரலாற்றை அதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் லேக்வுட் அருகே அதற்கு வெண்கலச் சிலை உண்டு. எந்தச் சிம்மாசனத்திலும் இல்லை, ஒரு போர்வீரனின் தலைக்கவசத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது ஸ்மோக்கி.

பெஞ்ச் வரிசைக்குத் திரும்புவோம். அங்கே நல்ல வளர்ப்பாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெருமையை விடக் கவலையைத்தான் அதிகம் கேட்பீர்கள். ‘டீகப் யார்க்கி’ என்று ஒரு கிலோ நாயை விற்கிறார்களே, அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட வகையே கிடையாது. இலக்கணம் மேல் எல்லையைத்தான் வைத்திருக்கிறது. எவ்வளவு சிறுத்தால் அவ்வளவு உயர்வு என்று எங்கும் சொல்லவில்லை. அளவு மீறிச் சிறுத்த குட்டிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், எலும்பு எளிதில் ஒடியும். இந்த இனத்துக்கு ஏற்கெனவே முழங்கால் சில்லு விலகும் தொல்லையும், மூச்சுக்குழாய் தளரும் தொல்லையும், கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வழி மாறிப் போகும் பிறவிக் குறையும் உண்டு. கழுத்துப்பட்டையை விட மார்பைச் சுற்றிய பட்டை நல்லது. குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் தாய் நாயைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

மாலையாகிவிட்டது. முடிவுகள் வந்துவிட்டன. வென்றவரும் தோற்றவரும் ஒரே வேலையில் இறங்குகிறார்கள்: எண்ணெய்ப் புட்டி திறக்கிறது, காகிதம் மடிகிறது, ரப்பர் பேண்ட் சுற்றுகிறது. அரைமணியில் சாம்பியன் மறுபடி பொட்டலக் குவியல்.

இதிலிருந்தெல்லாம் நாய்க்கு எப்போது விடுதலை? போட்டிக் காலம் முடிந்ததும் ஒரு நாள் கத்தரி வரும். தரை தொட்ட பட்டு முழுவதையும் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பலர் அதில் ஒரு கற்றையை எடுத்து வைத்துக்கொண்டு கண்கலங்குவார்கள். நாயோ ஒருமுறை உடம்பை உதறிப் பார்க்கும். பாரமே இல்லை! அடுத்த நொடி கதவைத் தாண்டித் தோட்டத்தில் இருக்கும், வேலியோரம் மூக்கை நுழைத்து, முன்னங்கால் இரண்டாலும் மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டு. அந்தத் தோட்டத்து எலிகள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.